லினக்ஸில் தற்காலிகக் கோப்புகளும் அவற்றின் மேலாண்மையும்

லினக்ஸ் இயங்குதளத்தில் தற்காலிகக் கோப்புகள் என்பவை, ஒரு நிரல் தன் வேலையின் நடுவே பயன்படுத்திக்கொள்வதற்காக உருவாக்கி, வேலை முடிந்ததும் நீக்கிவிட வேண்டிய கோப்புகள் ஆகும். வகுப்பறைக் கரும்பலகையில் போடப்படும் கணக்கைப் போன்றவை இவை. அடுத்த பாடவேளைக்கு வரும் ஆசிரியர் பலகையை அழித்துவிடுவார். வேண்டியதை அதற்குள் நோட்டில் எழுதிக்கொண்டிருக்க வேண்டும். கணினியில் அழிப்பவர் யார், எப்போது அழிப்பார் என்பது அடைவுக்கு அடைவும் வழங்கலுக்கு வழங்கலும் மாறுகிறது. இது தெரியாமல் செய்முறைப் பயிற்சிக் கோப்பைத் தற்காலிக அடைவில் சேமித்துவிட்டு, கணினியை அணைத்துப் போட்டபின் காணாமல் தேடும் மாணவர்கள் உண்டு. வட்டில் இடம் வேண்டுமென்று கண்ணில் பட்டதையெல்லாம் நீக்கி, வேண்டிய கோப்பையும் சேர்த்து இழப்பவர்களும் உண்டு.

எதற்காக உருவாகின்றன

கோப்பில் உள்ள வரிகளை அகர வரிசைப்படுத்தும் 'சார்ட்' என்ற கட்டளை நல்ல எடுத்துக்காட்டு. கோப்பு சிறியதாக இருந்தால் அது முழுவதையும் நினைவகத்தில் வைத்தே வரிசைப்படுத்திவிடும். நினைவகத்தில் அடங்காத பெரிய கோப்பைக் கொடுத்தால், அதைத் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டையும் தனித்தனியே வரிசைப்படுத்தித் தற்காலிகக் கோப்புகளில் எழுதி வைக்கும்; கடைசியில் எல்லாவற்றையும் ஒன்று சேர்க்கும். சி மொழி நிரலை மாற்றித் தரும் ஜிசிசி தொகுப்பியும் இடைநிலை வடிவங்களை இவ்வாறே எழுதிப் பயன்படுத்துகிறது.

வேலை ஒழுங்காக முடிந்தால் இந்த நிரல்கள் தாம் போட்டதைத் தாமே நீக்கிவிடும். மின்சாரம் நின்றுவிட்டாலோ, பயனர் நிரலை வலுக்கட்டாயமாக நிறுத்தினாலோ, நிரலை எழுதியவர் நீக்கும் வரியை எழுத மறந்திருந்தாலோ கோப்புகள் தங்கிவிடும். பல மாதங்கள் அணைக்கப்படாமல் ஓடும் சேவையகங்களில் இப்படித் தங்கியவை ஜிகாபைட் கணக்கில் சேர்வதுண்டு.

எங்கே இருக்கின்றன

முதன்மையான இடம், வேர் அடைவின் நேர் கீழே உள்ள டெம்ப் அடைவு. டி, எம், பி என்ற மூன்று ஆங்கில எழுத்துகளால் இதன் பெயர் எழுதப்படுகிறது. வாயால் சொல்லும்போது 'டெம்ப்' என்பார்கள். யுனிக்ஸ் காலத்திலிருந்தே இருந்துவரும் அடைவு இது. இதே பெயரில் இன்னொரு அடைவு 'வார்' என்ற அடைவுக்குள் இருக்கிறது. அதை இக்கட்டுரையில் வார்-டெம்ப் என்று குறிப்போம்.

ஒரே பெயரில் இரண்டு எதற்கு என்ற கேள்வி இயல்பாகவே எழும். லினக்ஸ் வழங்கல்கள் தங்கள் அடைவுகளை எப்படி அமைக்க வேண்டும் என்று கூறும் கோப்பு முறைமைப் படிநிலைத் தரம் என்ற ஆவணம் இதற்கு விடை தருகிறது. இதன் 3.0 பதிப்பு 2015ஆம் ஆண்டு வெளியானது. டெம்ப் அடைவில் ஒரு நிரல் போட்ட கோப்பு, அதே நிரல் அடுத்த முறை இயங்கும்போது அங்கே இருக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது என்கிறது அந்தத் தரம். வார்-டெம்ப் அப்படியன்று. கணினி மறுதொடக்கம் செய்யப்படும்போது அதில் உள்ளவற்றை நீக்கக் கூடாது. ஆகவே ஒரு மணி நேரத்து வேலைக்கு முதலாவது. நடுவில் மின்சாரம் போனாலும் தொடர வேண்டிய நீண்ட வேலைக்கு இரண்டாவது. இரண்டுமே நிரந்தரமான இடங்கள் அல்ல.

இவை தவிர, இயங்கும் சேவைகளின் குறிப்புகளுக்கு 'ரன்' அடைவும், அதற்குள் உள்நுழைந்திருக்கும் ஒவ்வொரு பயனருக்கும் தனி அடைவும் உண்டு. பயனர் முழுவதுமாக வெளியேறியதும் அவருடைய தனி அடைவு மறைந்துவிடும். உலாவி போன்ற நிரல்கள் சேர்த்து வைக்கும் பிரதிகள் வீட்டு அடைவுக்குள் மறைந்திருக்கும் 'கேஷ்' அடைவில் இருக்கின்றன. அவை தற்காலிகக் கோப்புகள் அல்ல, மீண்டும் பெறக்கூடிய பிரதிகள். நீக்கினால் நிரல் சற்று மெதுவாக இயங்கும், அவ்வளவுதான்.

எல்லோரும் எழுதலாம், ஆனால் அழிக்க முடியாது

டெம்ப் அடைவில் எந்தப் பயனரும் கோப்பு உருவாக்கலாம். ஓர் அடைவில் எழுதும் அனுமதி இருந்தால், அதில் உள்ள எவருடைய கோப்பையும் நீக்கலாம் என்பதே யுனிக்ஸின் பொது விதி. அந்த விதியை அப்படியே விட்டிருந்தால், ஒரே கணினியைப் பலர் பயன்படுத்தும் இடத்தில் ஒருவர் கோப்பை மற்றவர் நீக்கிக்கொண்டிருப்பார்கள்.

இதைத் தடுப்பது 'ஸ்டிக்கி பிட்' எனப்படும் அனுமதிக் குறி. அடைவின் அனுமதிகளைப் பட்டியலிட்டுப் பார்த்தால் கடைசி எழுத்தாக 'டி' என்று தெரிவது இதுதான். எண்ணால் எழுதும்போது 1777 என்பதில் முதலில் நிற்கும் 1. இக்குறி உள்ள அடைவில் ஒரு கோப்பை அதன் உரிமையாளரோ, அடைவின் உரிமையாளரோ, ரூட் பயனரோ மட்டுமே நீக்கவும் பெயர் மாற்றவும் முடியும். 'ஒட்டிக்கொள்ளும்' என்ற பொருள் தரும் இந்தப் பெயர் இப்போதைய பயனுக்குப் பொருந்தாதது போலத் தோன்றும். 1974இல் யுனிக்ஸின் 5ஆம் பதிப்பில் இது வந்தபோது, அடிக்கடி இயங்கும் நிரல்களை இடமாற்று நினைவகத்திலேயே ஒட்டிவைக்கும் குறியாக இருந்தது. பழைய வேலை போய்விட்டது, பெயர் நின்றுவிட்டது.

டெம்ப் அடைவை ஏதோ காரணத்தால் நீக்கி மீண்டும் உருவாக்குவோர் 1777 என்ற அனுமதியைக் கொடுக்க மறந்தால், வரைகலை உள்நுழைவுகூட நடக்காமல் போகலாம். காரணம் தெரியாமல் இயங்குதளத்தையே மறுபடி நிறுவுபவர்கள் இருக்கிறார்கள். ஒரே ஒரு அனுமதியைத் திருத்தினால் போதுமானது.

வட்டிலா, நினைவகத்திலா

ஒரு காலத்தில் டெம்ப் என்பது மற்ற அடைவுகளைப் போல வன்தட்டில்தான் இருந்தது. இப்போது பல வழங்கல்களில் அது 'டெம்ப்-எஃப்எஸ்' என்ற கோப்பு முறைமையில் இருக்கிறது. இது வட்டைத் தொடாமல் முதன்மை நினைவகத்திலும், தேவைப்பட்டால் இடமாற்று நினைவகத்திலும் கோப்புகளை வைப்பது. லினக்ஸ் கெர்னலின் 2.4 பதிப்புத் தொடரிலிருந்து கிடைக்கிறது. ஃபெடோரா வழங்கல் 2013இல் வெளியான தன் 18ஆம் பதிப்பில் டெம்ப் அடைவை இதற்கு மாற்றியது. டெபியன் நீண்ட காலம் தயங்கி, 2025இல் வந்த 13ஆம் பதிப்பில்தான் இதையே இயல்பு அமைப்பாக்கியது.

வேகம் கூடும், வட்டின் தேய்மானம் குறையும். ஆனால் விளைவுகள் இரண்டை அறிந்திருக்க வேண்டும். முதலாவது, கணினி அணைந்தால் அதிலுள்ள அத்தனையும் போய்விடும். மீட்பு நிரல்களால் தேடிப் பயனில்லை, ஏனெனில் அவை வட்டில் எழுதப்படவே இல்லை. இரண்டாவது, அளவு. வேறு ஏற்பாடு செய்யாவிட்டால் டெம்ப்-எஃப்எஸ் நினைவகத்தின் பாதி அளவு வரையே வளரும். 8 ஜிகாபைட் நினைவகம் உள்ள கணினியில் அது 4 ஜிகாபைட். அங்கே 5 ஜிகாபைட் உள்ள ஒரு நிறுவல் வட்டுக் கோப்பைப் பதிவிறக்க முயன்றால், வன்தட்டில் 200 ஜிகாபைட் காலியாக இருந்தாலும் 'இடம் இல்லை' என்ற பிழைச்செய்தி வரும். வன்தட்டைச் சுத்தம் செய்வதால் இது தீராது. கோப்பை வீட்டு அடைவில் பதிவிறக்க வேண்டும்.

நம் கணினியில் எது என்று அறிய 'டிஎஃப்' கட்டளையை டெம்ப் அடைவின் பெயரோடு கொடுத்தால் போதும். முதல் நெடுவரிசையில் வட்டுப் பகுதியின் பெயர் வந்தால் வட்டில் இருக்கிறது; டெம்ப்-எஃப்எஸ் என்று வந்தால் நினைவகத்தில் இருக்கிறது. பெரிய அளவில் வேலை செய்யும் நிரலை வேறு இடத்துக்கு அனுப்பவும் வழி உண்டு. 'டெம்ப்டிர்' என்ற சூழல் மாறியில் வேறோர் அடைவின் பெயரைக் கொடுத்தால் பெரும்பாலான நிரல்கள் அதை மதித்து அங்கே எழுதும். மேலே சொன்ன 'சார்ட்' கட்டளையும் அவற்றுள் ஒன்று.

யார் சுத்தம் செய்கிறார்கள்

முன்பு ரெட் ஹேட் சார்ந்த வழங்கல்களில் 'டெம்ப்வாட்ச்' என்ற நிரல் நாள்தோறும் இயங்கிப் பழைய கோப்புகளை நீக்கியது. டெபியன் கணினி தொடங்கும்போது மட்டும் டெம்ப் அடைவைக் காலி செய்தது. இன்று பெரும்பாலான வழங்கல்களில் இந்தப் பொறுப்பு 'சிஸ்டம்டி' தொகுப்பின் ஒரு பகுதியான 'சிஸ்டம்டி-டெம்ப்ஃபைல்ஸ்' என்ற நிரலுடையது. கணினி தொடங்கி 15 நிமிடம் கழித்து ஒருமுறையும், பின்னர் நாளுக்கு ஒருமுறையும் அது துப்புரவு செய்கிறது. அதை உருவாக்கியவர்கள் தந்துள்ள இயல்பு அமைப்பு, டெம்ப் அடைவில் 10 நாளும் வார்-டெம்ப் அடைவில் 30 நாளும் ஆன கோப்புகளை நீக்குவது. வழங்கல்கள் இதை மாற்றிக்கொள்வதுண்டு. டெபியன் 13இல் புதிதாக நிறுவிய கணினிக்கு இந்த நாள் கணக்கு பொருந்தும். பழைய பதிப்பிலிருந்து மேம்படுத்திய கணினிக்குப் பொருந்தாது.

பத்து நாள் என்றால் எதிலிருந்து பத்து நாள்? ஒவ்வொரு கோப்புக்கும் கடைசியாகப் படித்த நேரம், உள்ளடக்கத்தைக் கடைசியாக மாற்றிய நேரம், அனுமதி முதலிய விவரங்கள் கடைசியாக மாறிய நேரம் என்று மூன்று பதிவுகள் உண்டு. மூன்றுமே பத்து நாளைத் தாண்டியிருந்தால்தான் இந்த நிரல் கோப்பை நீக்கும். இணையத்திலிருந்து இறக்கிய தொகுப்பை இன்று விரித்தால், உள்ளே இருக்கும் கோப்புகளில் மூன்று ஆண்டுக்கு முந்தைய தேதி தெரியலாம். மாற்றிய நேரத்தை மட்டும் பார்க்கும் ஒரு துப்புரவு நிரல், விரித்த அன்றைக்கே அவற்றை நீக்கிவிடும். சிஸ்டம்டி மூன்றையும் பார்ப்பதால் இந்த ஆபத்து இல்லை. கையால் துப்புரவு ஸ்கிரிப்ட் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் மாற்றிய நேரத்தை மட்டுமே பார்க்கிறார்கள் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும்.

வேறோர் ஆபத்து மிஞ்சுகிறது. இரண்டு வாரம் ஓடும் கணக்கீடு ஒன்று, முதல் நாள் எழுதிய இடைநிலைக் கோப்பைக் கடைசி நாளில்தான் படிக்கப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். 11ஆம் நாள் அது இருக்காது. ஆய்வு மாணவர்கள் இதில் மாட்டிக்கொள்வதுண்டு. இத்தகைய வேலைக்கு வீட்டு அடைவில் தனி அடைவு ஏற்படுத்திக்கொள்வதே எளிய வழி. பலர் பயன்படுத்தும் கணினியாக இருந்தால், நிர்வாகி விலக்கு விதி ஒன்றை எழுதலாம். விதிகள் 'இடிசி' அடைவுக்குள் உள்ள 'டெம்ப்ஃபைல்ஸ்-டாட்-டி' என்ற அடைவில் எழுதப்படும். ஒவ்வொரு வரியிலும் வகை, பாதை, அனுமதி, பயனர், குழு, வயது, கூடுதல் விவரம் என ஏழு புலங்கள் உள்ளன. வகைப் புலத்தில் சிறிய 'எக்ஸ்' எழுத்தும் அடுத்து பாதையும் கொடுத்தால், துப்புரவின்போது அந்தப் பாதை தொடப்படாது.

நீக்கும்போது நேர்ந்த இழப்புகள்

சிஸ்டம்டி-டெம்ப்ஃபைல்ஸ் என்ற பெயரே குழப்பத்துக்கு இடம் தருவது. தற்காலிகக் கோப்புகளை மட்டும் கையாள்வது என்று எவரும் நினைப்பார்கள். உண்மையில், கணினி தொடங்கும்போது இருக்க வேண்டிய அடைவுகளை உருவாக்கும் வேலையையும் அதுவே செய்கிறது. அந்தப் பட்டியலில் பயனர்களின் வீட்டு அடைவுகளைத் தாங்கும் 'ஹோம்' அடைவும் உண்டு. 2024 ஜூன் மாதம் வெளியான 256ஆம் பதிப்பில், விதிகளின்படி உருவாக்கப்பட்ட எல்லாவற்றையும் நீக்கும் 'பர்ஜ்' என்ற தெரிவு சேர்க்கப்பட்டது. தற்காலிகக் கோப்புகள் நீங்கும் என்று நம்பி அதை இயக்கிய ஒருவருடைய ஹோம் அடைவு முழுவதும் அழிந்தது. அடுத்து வந்த 256.1 பதிப்பில், எந்த விதிக் கோப்புக்காக என்று பெயர் சொன்னால்தான் அத்தெரிவு இயங்கும் என்று மாற்றினார்கள். கட்டளை அதன் விளக்கத்தில் எழுதியபடிதான் நடந்தது என்று வாதிட்டவர்கள் உண்டு. வாதம் சரியாக இருக்கலாம். ஆனால் பெயர் ஒன்றாகவும் செயல் வேறாகவும் இருக்கும் கருவிக்கு இவ்வளவு எளிதில் இயங்கும் நீக்கல் தெரிவைக் கொடுத்தது பிழையே.

இதைவிடப் பெரிய இழப்பு 2021 டிசம்பரில் ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழக மீக்கணினியில் நேர்ந்தது. பத்து நாளுக்கு மேற்பட்ட பழைய பதிவுக் கோப்புகளை நீக்கும் ஷெல் ஸ்கிரிப்ட் ஒன்று அங்கே வழக்கமாக இயங்கி வந்தது. கணினியைப் பராமரித்த நிறுவனம் அந்த ஸ்கிரிப்டைத் திருத்தியது. பழைய ஸ்கிரிப்ட் இயங்கிக்கொண்டிருக்கும்போதே அதன் மீது புதியதை எழுதிவிட்டார்கள். பாஷ் ஷெல் ஒரு ஸ்கிரிப்டை முழுவதும் படித்து வைத்துக்கொண்டு இயக்குவதில்லை. படிக்கப் படிக்கத்தான் இயக்கும். எனவே அது நடுவிலிருந்து புதிய வரிகளைப் படிக்கத் தொடங்கியது. நீக்க வேண்டிய அடைவின் பெயரைத் தாங்கும் மாறி மதிப்பு இல்லாமல் வெறுமையாக இருந்ததால், பதிவுக் கோப்புகளுக்குப் பதில் ஆய்வாளர்களின் கோப்புகள் நீங்கின. சுமார் 77 டெராபைட் தரவு, ஏறத்தாழ 3 கோடியே 40 லட்சம் கோப்புகள், 14 ஆய்வுக் குழுக்களுடையவை. அவற்றுள் 4 குழுக்களின் தரவை மீட்க இயலவில்லை.

ஷெல் ஸ்கிரிப்டின் தொடக்கத்தில் 'செட்' கட்டளையை 'யு' என்ற தெரிவோடு எழுதிவிட்டால், மதிப்பு தரப்படாத மாறியைக் கண்டதும் ஸ்கிரிப்ட் பிழை காட்டி நின்றுவிடும். நீக்கும் வரியை முதலில் பட்டியலிடும் வரியாக எழுதிப் பார்த்து, வரும் பெயர்களைக் கண்ணால் சரிபார்த்த பிறகே நீக்கலாக மாற்ற வேண்டும்.

டெம்ப் அடைவில் உள்ள அனைத்தையும் ரூட் உரிமையோடு ஒரே கட்டளையில் நீக்குவதையும் தவிர்க்க வேண்டும். இயங்கிக்கொண்டிருக்கும் நிரல்கள் ஒன்றோடொன்று பேசுவதற்கான சாக்கெட்டுகள் அங்கே இருக்கும். வரைகலைத் திரைக்கான சாக்கெட் மறைந்த அடைவு ஒன்றில் இருக்கிறது. 'டீமக்ஸ்' பயன்படுத்துவோரின் சாக்கெட்டும் அங்கேதான். அது போனால் உள்ளே வேலைகள் ஓடிக்கொண்டே இருக்கும், ஆனால் அவற்றோடு வழக்கம்போல் மறுபடி இணைய முடியாது.

ஸ்கிரிப்ட் எழுதுவோர் கவனிக்க

தற்காலிகக் கோப்புக்கு எளிதில் ஊகிக்கக்கூடிய பெயரை வைப்பது பழைய தவறு. நிர்வாகியின் ஸ்கிரிப்ட் டெம்ப் அடைவில் 'அறிக்கை' என்ற கோப்பில் எழுதும் என்று வேறொரு பயனருக்குத் தெரிந்தால், அவர் முன்கூட்டியே அதே பெயரில் ஒரு குறியீட்டு இணைப்பை உருவாக்கி, அதை முக்கியமான அமைப்புக் கோப்பு ஒன்றுக்குச் சுட்டிவிடலாம். ஸ்கிரிப்ட் ரூட் உரிமையோடு இயங்கும்போது அறிக்கை அந்த அமைப்புக் கோப்பின் மேல் எழுதப்பட்டுவிடும். பல நிரல்களில் இத்தகைய ஓட்டைகள் கண்டுபிடிக்கப்பட்ட பின், ஸ்டிக்கி பிட் உள்ள பொது அடைவுகளில் பிறர் உருவாக்கிய இணைப்பைப் பின்தொடராமல் தடுக்கும் பாதுகாப்பு 2012இல் வந்த கெர்னல் 3.6இல் சேர்ந்தது. அது இருக்கிறதென்று பெயர் வைப்பதில் அசட்டையாக இருக்கக் கூடாது.

இதற்கென்றே 'எம்கே-டெம்ப்' கட்டளை இருக்கிறது. அது ஊகிக்க முடியாத பெயரில் புதிய கோப்பை உருவாக்கி, உரிமையாளர் மட்டும் படிக்கவும் எழுதவும் முடியும்படி அனுமதி அமைத்து, அதன் பெயரைத் திருப்பித் தரும். 'டி' தெரிவைச் சேர்த்தால் கோப்புக்குப் பதில் அடைவு கிடைக்கும். ஒரே ஸ்கிரிப்டில் பல கோப்புகள் தேவைப்பட்டால், இப்படி ஓர் அடைவை உருவாக்கி எல்லாவற்றையும் அதற்குள் வைப்பது நல்லது. முடிவில் ஒரே அடைவை நீக்கினால் போதும். அந்த நீக்கலையும் 'ட்ராப்' கட்டளையிடம் ஒப்படைத்துவிடலாம். ஸ்கிரிப்ட் முடிவை எட்டினாலும், நடுவில் பிழையால் நின்றாலும், பயனர் விசைப்பலகையால் நிறுத்தினாலும் பாஷ் அதை நிறைவேற்றும். 'கில்' கட்டளையின் 9ஆம் எண் சைகையால் கொல்லப்பட்டால் மட்டும் நிறைவேறாது.

நீக்கியும் இடம் வராதபோது

பெரிய தற்காலிகக் கோப்பு ஒன்றை நீக்கிய பிறகும் டிஎஃப் கட்டளை வட்டு நிறைந்திருப்பதாகவே காட்டும். அடைவுகளின் அளவைக் கூட்டிச் சொல்லும் 'டியு' கட்டளையோ அவ்வளவு கோப்புகள் இல்லை என்று சொல்லும். இரண்டும் பொய் சொல்லவில்லை. லினக்ஸில் ஒரு கோப்பை நீக்குவது என்பது அடைவிலிருந்து அதன் பெயரை நீக்குவதுதான். ஏதேனும் ஒரு நிரல் அந்தக் கோப்பைத் திறந்து வைத்திருந்தால், பெயர் போனாலும் தரவு வட்டில் இருந்துகொண்டே இருக்கும். நிரல் கோப்பை மூடும்போதுதான் இடம் விடுபடும். பல நிரல்கள் இதை வேண்டுமென்றே பயன்படுத்துகின்றன: தற்காலிகக் கோப்பைத் திறந்த உடனே நீக்கிவிட்டால், பிறகு நிரல் எப்படி முடிந்தாலும் எச்சம் தங்காது.

பெயர் இழந்தும் திறந்திருக்கும் கோப்புகளை 'எல்எஸ்-ஓஎஃப்' கட்டளை காட்டும். கூட்டல் குறி, பெரிய 'எல்', 1 என்பதை அதற்குத் தெரிவாகக் கொடுக்க வேண்டும். எந்த நிரல், அதன் எண் என்ன, கோப்பின் அளவு என்ன என்பவை ஒவ்வொரு வரியிலும் வரும். அந்த நிரலை முறைப்படி நிறுத்தி மீண்டும் தொடங்கினால் இடம் திரும்பக் கிடைக்கும். அதற்காகக் கணினியையே மறுதொடக்கம் செய்ய வேண்டியதில்லை.